நான் ரேஷன்கடை என்று பெயர் வைத்த உன் அத்தை

கண்ணு,

திங்கட்கிழமை நீ போனில் சொன்னதை முதலில் அப்படியே எழுதிவிடுகிறேன். நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று நீ பேச்சை மாற்றக்கூடாது. "அப்பா, கண்ணாலம் முடியற வரைக்கும் அவீங்க ஊட்டுல மூச்சு உட்றாதீங்க. முகூர்த்தம் வெடியால ஆறரைக்கு. அந்நேரத்துக்கு என்ற கண்ணு நல்லாத்தான் இருக்கும். பொழுதோட ரிசப்சன் வேண்டாம்னு சொல்லீட்டாப் போச்சு. ஒருத்தனுக்கும் தெரியாது." நான் உடனே போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னலுக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது. நீ ஏதோ பெரிய மூளைக்காரன் போல எடுத்துச் சொன்ன அந்தத் திட்டம் உன்னுடையது அல்ல. நாற்பது வருடத்துக்கு முன்பு, பதினைந்து வயதில், நான் போட்டது. ஓர் எழுத்து மாறாமல் அதையே போட்டிருக்கிறாய். என் புத்தி உனக்கு வராது என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன்.

உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. உன் மார்பெலும்புக்குப் பின்னால் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறது. சாயங்காலமானால் உன் இடது இமை இறங்குகிறது, கழுத்துச் சுரப்பியும் தறிகெட்டு ஓடுகிறது. இதெல்லாம் தெரிந்து சுகந்தி உன்னிடம் தாலி வாங்கிக்கொள்வாளா, தெரியாமல் வாங்கிக்கொள்வாளா? எனக்கு இருக்கும் கேள்வி இது ஒன்றுதான். இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். உன் அம்மாவும் படிக்கட்டும். ரிசப்சனைக் காலை டிபனாக மாற்றிவிடலாம் என்று மண்டபத்துக்காரரிடம் பேசியது அவள்தான் என்பது எனக்குத் தெரியும்.

நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் அட்டிகை போட்டுக்கொண்டு, கண்ணை அகல விரித்துப் பார்க்கிறாளே, உன் அத்தை துளசிமணி, அவள் எதனால் செத்தாள் என்று நீ சின்ன வயதில் கேட்டாய். காய்ச்சல் என்றேன். பொய். அந்த அட்டிகை ஏன் அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்றும் கேட்டாய். அந்தக் காலத்து மாடல் என்றேன். அதுவும் பொய். கழுத்தில் இருந்த வீக்கத்தை மறைக்க என் அம்மா, உன் ஆத்தா, கட்டிவிட்டது அது. படம் எடுத்தது காலை ஏழு மணிக்கு. அதுவும் தற்செயல் இல்லை.

எழுபதுகளின் நடுவில், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே நம் தோட்டத்தில், அவளுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினைந்து. பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்தாலே வாத்தியார்கள் பிரம்பை எடுப்பார்கள். ஊரில் நான் பெயர் வைக்காத ஆள் கிடையாது. கணக்கு வாத்தியார் 'மீதி சைபர்', தபால்காரர் 'நாளைக்கு வா', எங்கள் அப்பா, அதாவது உன் அப்பாரு, 'இடி அமாவாசை'. அக்காவுக்கு நான் வைத்த பெயர் 'ரேஷன்கடை'. காலையில் திறந்திருக்கும், மத்தியானத்தில் பாதி ஷட்டர், சாயங்காலம் போனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று கையை விரிக்கும். அவளும் அப்படித்தான். விடிந்தால் நாற்று நடுகிற பெண்களோடு சேர்ந்து நாலு பேர் வேலை செய்வாள். மூன்று மணிக்கு மேல் இமை இரண்டும் இறங்கும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் நழுவும். ராத்திரிச் சோற்றை மெல்லும்போது பாதியில் தாடை நின்றுபோகும், கையால் தாடையைத் தூக்கித் தூக்கி மெல்லுவாள். பெயர் அவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டதால் ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உண்மையான நோயாளி என்றால் நாள் முழுக்கப் படுத்திருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் கிடையாகக் கிடந்தால் அதற்குப் பெயர் நோய் இல்லை, நடிப்பு. "நாத்து நடற வரைக்கும் கை வருது, சட்டி களுவற நேரத்துக்கு மட்டும் வராதா?" என்று அம்மா கேட்பாள். கேட்டுவிட்டுக் கையில் இருப்பதால் ஒன்று போடுவாள், பெரும்பாலும் கரண்டி. ஒருநாள் கறந்த பாலோடு சொம்பு கீழே விழுந்தது. அன்றைக்கு விழுந்த அடியில் அக்கா அழவில்லை. அழுவதற்குக்கூட முகம் ஒத்துழைக்காமல், வாய் ஒரு பக்கமாக இளித்தபடி நின்றது. "அடி வாங்கீட்டுச் சிரிக்கறா பாரு, திமுரு புடிச்சவ" என்று அதற்கும் ஒன்று விழுந்தது. நான் அந்த இளிப்பை அன்றைக்கே பழகி, மறுநாள் பள்ளிக்கூடத்தில் நடித்துக் காட்டினேன்.

இன்னும் கேள். சாயங்காலம் என் சேக்காளிகள் நாலு பேரைக் களத்துக்குக் கூட்டி வருவேன். "அக்கா, நூறு வரைக்கும் ஒரே மூச்சா எண்ணிக் காட்டு பாக்கலாம்" என்பேன். அவள் ஏமாளி இல்லை. இன்றைக்காவது முடியாதா என்ற ஆசையில் எண்ணுவாள். முப்பது வரைக்கும் கணீரென்று இருக்கும். ஐம்பதில் குரல் மூக்கில் ஏறும். எழுபதில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் குழறும். எந்த எண்ணில் குழறும் என்பதில்தான் எங்கள் பந்தயம், தோற்றவன் ஒரு கிளிமூக்கு மாங்காய் தரவேண்டும். நாங்கள் வைக்கோலில் விழுந்து புரண்டு சிரிப்போம். "சிரிங்கடா, சிரிங்க. நாளைக்கு எண்ணிக் காட்டறன்" என்பாள், மூக்கால். அந்த 'எண்ணிக் காட்டறன்' எங்களுக்கு இன்னொரு சிரிப்பு. இரண்டு வருடம் இதைச் செய்தேன் கண்ணு. எந்த மாதத்தில் எந்த எண்ணில் நிற்கிறாள் என்பது எனக்கு மனப்பாடம். தொண்ணூறில் ஆரம்பித்தவள் கடைசியில் நாற்பதுக்கு வந்திருந்தாள். வீட்டில் ஒருவருக்காவது நோய் ஏறிக்கொண்டு போவது தெரிந்திருந்தது என்றால் அது எனக்குத்தான். நான் அதை மாங்காயாக மாற்றித் தின்றுகொண்டிருந்தேன்.

அவளைப் பெண் பார்க்க முதலில் வண்டித்தாவளத்திலிருந்து வந்தார்கள். ஒறம்பரை சனம் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து உட்கார்ந்தது. அவள் காப்பித் தட்டைக் கொண்டுவந்தபோதே இமை பாதி இறங்கிவிட்டது. மூன்றாவது டம்ளர் மாப்பிள்ளையின் மடியில் விழுந்தது. வந்தவர்களில் ஒரு பெரியவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டே, "பொண்ணு நல்ல பொண்ணுதானுங்க. எங்களப் பாத்தா அதுக்குத் தூக்கம் வருதாட்ட இருக்குது, நாங்க என்னுங்க பண்றது?" என்றார். அவர்கள் போனதும் அப்பா பெல்ட்டைக் கழற்றினார். அப்போதுதான் நான் என் வாழ்க்கையிலேயே பெரிய யோசனையைச் சொன்னேன். "எதுக்குங்கய்யா அடிக்கறீங்க? அடுத்த ஒறம்பரைய வெடியால ஏழு மணிக்கு வரச் சொல்லுங்க. ரேஷன்கடை தொறந்திருக்கற நேரம்."

அப்பாவின் கையில் பெல்ட் அப்படியே நின்றது. பிறகு அப்பா சிரித்தார். எனக்கு நினைவு தெரிந்து அவர் என் பேச்சுக்குச் சிரித்தது அன்றைக்குத்தான். "இந்தத் தறுதலைக்குள்ளயும் மூளெ இருந்திருக்குது பாரு" என்று என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது உனக்குப் புரியும். பதினைந்து வருடம் அடி மட்டுமே விழுந்த முதுகு அது.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அடுத்த வரன். காலை ஏழு மணி. முந்தின நாள் முழுக்க அவளுக்கு வேலை கொடுக்கவில்லை. விடிந்ததும் யாரிடமும் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு, குரல் மிச்சமிருக்க வேண்டுமே. கழுத்தில் அட்டிகை. அவள் நடந்து வந்தாள், தட்டு ஆடவில்லை, கண் இரண்டும் பளிச்சென்று பெரிதாக. அந்தக் கண் பெரிதாகத் தெரிந்ததே கழுத்துச் சுரப்பியின் கோளாறு என்பது எங்களுக்குப் பிறகு தெரிந்தது. வந்தவர்கள் "கண்ணே போதுமுங்க" என்று சொல்லி உறுதி செய்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை பெயர் பழனிச்சாமி. சாதுவான மனிதர்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு பத்திரிகைக் கட்டைக் கொடுக்க அவரே வந்தார். திரும்பிப் போகும்போது பஸ் ஏற்றிவிட என்னை அனுப்பினார்கள். வாசல் தாண்டுவதற்குள் அக்கா என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் இழுத்தாள். என் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளைக் கையில் வைத்தாள், பென்சில் எழுத்து. "பஸ்ஸு ஏர்றதுக்குள்ள அவருகிட்டக் குடுத்துரு தம்பி. உன்னையத் தவர இங்க எனக்கு ஆளில்ல" என்றாள். போகிற வழியில் பிரித்துப் படித்தேன். 'எனக்குப் பொழுதோட கண்ணு மூடிக்குது, பேச்சு நிக்குது, முழுங்க முடியல. இது நடிப்பு இல்லீங்க. ஆசுபத்திரிக்குக் கூட்டீட்டுப் போறதா இருந்தாக் கட்டிக்கங்க. இல்லாட்டி வேண்டாமுங்க.' அவ்வளவுதான்.

பஸ் வர நேரமிருந்தது. பழனிச்சாமி எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். தயங்கித் தயங்கி, "உங்கக்கா ஏதாச்சும் சொல்லுச்சா மாப்ள?" என்று கேட்டார். தாள் என் சட்டைப்பையில் இருந்தது. கையை உள்ளே விட்டால் முடிந்தது. அவர் கேட்டேவிட்டார், அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? நான், "சொல்லுச்சுங்க மச்சான். உங்க காது ரெண்டும் மொறமாட்ட இருக்குதுன்னு சொல்லுச்சு" என்றேன். அவர் காதைத் தடவிக்கொண்டு, வெட்கப்பட்டுச் சிரித்தார். பஸ் வந்தது. போய்விட்டார்.

ஏன் கொடுக்கவில்லை? மறந்துவிட்டேன், பயந்துவிட்டேன் என்றெல்லாம் பல வருடம் எனக்கே கதை சொல்லிக்கொண்டேன். உண்மை இதுதான்: அந்தக் கல்யாணம் என் யோசனை. என் யோசனை ஜெயிக்க வேண்டும். தாளைக் கொடுத்தால் முதுகில் விழுந்த தட்டு திரும்பிப் போய்விடும். அன்று சாயங்காலம் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அந்த நாலு வரியை அவள் குரலில் சேக்காளிகளுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு கிழித்துத் தண்ணீரில் விட்டேன். வீட்டுக்கு வந்தேன். "குடுத்தயா?" என்றாள். "குடுத்துட்டன். படிச்சுப் பாத்துட்டுச் சேரின்னு தலையாட்டுனாரு" என்றேன். என் குறும்புகளிலேயே மிகவும் சுலபமானது அது. அவள் முகத்தில் அன்றைக்கு ஒரு மாற்றம் வந்தது. ஒரு வாரம் முழுக்க அம்மா திட்டியபோதும் அடித்தபோதும் அவளுக்கு உறைக்கவே இல்லை. ஒருவருக்குத் தெரியும், தெரிந்தும் கட்டிக்கொள்கிறார் என்ற நினைப்பில் நடமாடிக்கொண்டிருந்தாள்.

விடியலில் தாலி ஏறியது. கண் திறந்திருந்தது. மத்தியான விருந்தில் அவள் இலையில் வைத்தது அப்படியே இருந்தது, புதுப்பெண்ணின் கூச்சம் என்றார்கள். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டில், சொந்தக்காரர்கள் கூடியிருக்க, பாலும் பழமும் கொடுத்தார்கள். துணைக்குப் போன நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அவள் ஒரு வாய் குடித்தாள். பால் மூக்கு வழியாக வந்து புதுச்சேலையில் கொட்டியது. இமை இரண்டும் விழுந்துவிட்டன. ஒரு விரலால் ஓர் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பழனிச்சாமியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயமே இல்லை கண்ணு. 'நான்தான் எழுதியிருந்தேனே, பாருங்கள், இதுதான்' என்பது போலப் பார்த்தாள். அவர் இரண்டடி பின்னால் போனார். மாமியார்க்காரி, "ஏண்டா, குடிகாரியக் கட்டீட்டு வந்திருக்கறயா?" என்றாள். கூட்டம் சிரித்தது. என் சேக்காளிகள் சிரித்த அதே சிரிப்பு.

மூன்றாம் நாள் காரில் கொண்டுவந்து விட்டார்கள். பழனிச்சாமி நம் வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார்: "ஏனுங்க, முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஆசுபத்திரிக்குக் கூட்டீட்டுப் போயிருப்பனுங்க. நோவு தப்பில்லீங்க. எல்லாருஞ் சேந்து என்னயக் கேனையனாக்கீட்டீங்க." அக்காவுக்கு அப்போது பேச்சு நின்றுவிட்டிருந்தது. எழுதியதைப் படித்துவிட்டு இப்படி ஊரறியப் பொய் சொல்கிறாரே என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் கோயம்புத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் அவளை மேலே பார்க்கச் சொன்னார். இமை இறங்கியது. பிறகு, "நூறு வரைக்கும் எண்ணும்மா" என்றார். முப்பத்தெட்டில் குழறியது. அவர் சிரிக்கவில்லை, காகிதத்தில் குறித்துக்கொண்டார். நான் மாங்காய்க்கு வைத்த பரீட்சையேதான். கை நரம்பில் ஓர் ஊசி போட்டார். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு இமையும் ஏறின. அவள் உட்கார்ந்தாள். "இது அஞ்சு நிமிசந்தான் நிக்கும், என்ன நோவுன்னு பாக்கறதுக்காகப் போட்டது" என்றார் டாக்டர். இரண்டு வருடத்தில் ஒரு சாயங்காலத்தில் அவளுக்கு முழுக்குரல் கிடைத்தது அந்த ஐந்து நிமிடம்தான். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, கணீரென்று கேட்டாள்: "அந்தக் காயிதத்தக் குடுத்தயாடா?"

"இல்லக்கா" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள், "அப்ப அந்த மனுசன் பொய் சொல்லுல" என்றாள். அதைச் சொன்னபோது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை தாங்கவில்லை. மீதி நிமிடங்களில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தாள். பிறகு ஷட்டர் இறங்கியது.

எக்ஸ்ரேயில் மார்பெலும்புக்குப் பின்னால் நிழல் தெரிந்தது. சின்ன வயதில் பெரிதாக இருந்து பிறகு சுருங்கிப்போக வேண்டிய ஒரு சுரப்பி, அவளுக்குக் கட்டியாக வளர்ந்திருக்கிறது என்றார்கள். நான் புரிந்துகொண்டது இது: உடம்புக்குக் காவல்காரர்களைப் பழக்குகிற இடம் அது. அங்கே பழக்கம் கெட்டுப்போனால், காவல்காரன் திருடனை விட்டுவிட்டுத் தோட்டத்துக்காரனையே அடிக்கிறான். அவளுக்குத் தசையையும் அடித்தான், கழுத்துச் சுரப்பியையும் முடுக்கிவிட்டான். கட்டியை எடுக்க வேண்டும், அதற்கு முன் கழுத்துச் சுரப்பியை அடக்க வேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும் என்றார்கள். "ரெண்டு வருசம் முன்னாடி வந்திருந்தா இத்தனை அவசரம் இருந்திருக்காது" என்றார் டாக்டர். அவளுக்குச் சில வாரம் கிடைக்கவில்லை. சளி பிடித்தது. இருமித் துப்ப மார்பில் வலுவில்லை. காலை எட்டு மணிக்கு, கடை திறந்திருக்கிற நேரத்தில், மூச்சு நின்றது. பழனிச்சாமி வேறு கல்யாணம் செய்துகொண்டார். அவளும் சேர்ந்துதான் தன்னை ஏமாற்றினாள் என்று நினைத்துக்கொண்டே இருப்பார். அதைப் போய்ச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் பெயர் வைத்த வாய்.

குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று உன் டாக்டர் கேட்டபோது இல்லை என்று சொன்னாயாம். தினமும் விடிந்ததும் நான் தைராய்டு மாத்திரை விழுங்குவதை இருபது வருடமாகப் பார்க்கிறாய். போய் மாற்றிச் சொல். இது அப்பனிடமிருந்து மகனுக்கு நேராக வருகிற நோய் இல்லை என்று என்னிடமும் டாக்டர் சொன்னார். ஆனாலும் நம் ரத்தத்தில் காவல்காரர்கள் கொஞ்சம் கோளாறானவர்கள்தான். உனக்கு மாத்திரை கேட்கிறது. கட்டியை எடுத்துவிடலாம் என்கிறார்கள். உன் அத்தைக்குக் கிடைக்காதது அத்தனையும் உனக்குக் கிடைத்திருக்கிறது. அப்புறம் எதற்கு ஒளிக்கிறாய்? "சரியாயிரும்ப்பா, எதுக்குச் சொல்லிக்கிட்டு?" என்கிறாய். சரியாகும் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லேன். உனக்குப் பயம் நோயைப் பற்றி இல்லை. அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்பதுதான். சொல்லட்டுமே. அந்த உரிமையைத்தான் நான் ஒருத்தரிடமிருந்து பிடுங்கி வாய்க்காலில் விட்டேன்.

அதனால், கேள், நான் நேற்று பொள்ளாச்சியில் சுகந்தி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ ஏதாவது பேசி என்னைச் சிரிக்க வைத்திருப்பாய்.

சுகந்தியின் அம்மா கையில் இருந்த மோர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, "ஏனுங்க சம்பந்தி, பத்திரிகையெல்லாம் குடுத்துப்போட்டமுங்களே" என்று தலையில் கை வைத்தார். அவளுடைய அப்பா எழுந்து தோப்புப் பக்கம் போய்விட்டார். சுகந்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். கட்டி எத்தனை பெரிது, எப்போது ஆபரேசன், அதில் உயிருக்கு என்ன பயம், வாழ்நாள் முழுக்க மாத்திரையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியாக, குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

"இதெ நீங்க வந்து சொல்றீங்களே மாமா, அவருக்குப் பேச்சு நின்னுபோச்சுங்களா?"

"இல்ல அம்முணி. பேச்சு அவனுக்கு நல்லாத்தான் வருது" என்றேன்.

"அப்படீன்னா ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இதை இன்று வெள்ளிக்கிழமை எழுதி, நம் ஊர்க்காரர் ஒருவர் உன் ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். உன்னிடம் வந்து சேரும்போது சனிக்கிழமை மத்தியானம் ஆகியிருக்கும். அவளுடைய நம்பர் உன்னிடம் இருக்கிறது.

அப்பா